புனைமொழியில் சொல்லழுத்தத்தை நேர், நிரை வைத்துத் தீர்மானிக்கலாமா?

நீலகிரியில் நடக்கும் கதைக்காக ஒரு மலைமொழியை உருவாக்குகிறீர்கள். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு யாப்பின் நேர், நிரை என்ற இரண்டு அசைவகைகள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவாது. தனிக்குறிலும் நேர், நெடிலும் நேர்; அதாவது லேசும் கனமும் ஒரே பெயரில் கிடக்கின்றன. நிரைக்குள்ளோ இரண்டு உயிர்கள். அழுத்த விதிக்கு ஓர் உயிர் என்றால் ஓர் அசை, அவ்வளவுதான்.

குறிலில் முடியும் அசை லேசு. நெடில் இருந்தால் கனம். குறிலோடு ஒற்று வந்தால்? மாத்திரைக் கணக்கில் (குறில் ஒன்று, நெடில் இரண்டு, ஒற்று அரை) அது ஒன்றரை; லேசுக்கும் கனத்துக்கும் நடுவில் நிற்கிறது. லத்தீன் அதைக் கனம் என்கிறது, கல்கா மங்கோலியம் லேசு என்கிறது. நீங்கள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். கனம் என்றே கொண்டு உங்கள் ஊர்ப்பெயர்களில் சோதிப்போம். சொல் நடுவே வரும் புள்ளியெழுத்தை முந்தைய அசையோடு சேருங்கள்: தொட்-ட-பெட்-டா.

லத்தீன் விதிப்படி ஈற்றயலசை, அதாவது கடைசிக்கு முந்தைய அசை, கனமென்றால் அழுத்தம் அங்கே, லேசென்றால் அதற்கு முந்தையதில். தொட்டபெட்டாவில் ‘பெட்’, அவலாஞ்சியில் ‘லாஞ்’, கூடலூரில் ‘கூ’. கோத்தகிரியில் இடறும்: ‘கி’ லேசு என்பதால் அழுத்தம் ‘த’வுக்குப் போகும், அத்தனை கனமான ‘கோத்’ சும்மா நிற்கும். கடைசி மூன்று அசைகளுக்கு அப்பால் அந்த விதி பார்ப்பதே இல்லை. உருபு சேர்ந்தால் இன்னும் சிக்கல். ‘கூடலூரில்’ என்றதும் அழுத்தம் ‘லூ’வுக்குத் தாவிவிடும்.

உருபுகளை அடுக்கும் மொழிக்கு வேறு விதிதான் நல்லது: இடமிருந்து முதலில் வரும் கன அசை, கனமே இல்லையென்றால் முதலசை. கோத்தகிரிக்கு ‘கோத்’, மசினகுடிக்கு ‘ம’. ஆனால் தேடலைப் பகுதிக்குள், அதாவது உருபு சேராத அடிச்சொல்லுக்குள், நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ‘மசினகுடியில்’ என்னும்போது ‘யில்’ கனமாகி அழுத்தத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஐகாரத்துக்கும் இப்போதே முடிவு சொல்லிவிடுங்கள். நெடிலாகக் கொண்டால் முதுமலையின் அழுத்தம் ‘லை’யில்; தமிழ்போல் ஒரு மாத்திரையாகக் குறுக்கினால் ‘மு’வில்.

அழுத்தத்தைக் காட்ட உயிரை நீட்டாதீர்கள். படு, பாடு போன்ற இணைகள் உங்கள் மொழியில் இருந்தால் இரண்டும் குழம்பிப்போகும். சுருதியை உயர்த்தினால் போதும்.