பங்காளிக்கும் அத்தை மகனுக்கும் முன்னால் சித்தி

கேள்வி: என் தாய்மாமன் மகன் திருமணம் செய்துகொள்ளாமல், உயிலும் எழுதாமல் கடந்த மாசியில் காலமானார். அவருக்குப் பெற்றோர் இல்லை, உடன்பிறந்தாரும் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் நஞ்சை, 1974-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினையில் அவருடைய தந்தைக்குக் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அத்தானை வைத்துப் பார்த்ததும் கொள்ளி வைத்ததும் நான். “வயல் உனக்குத்தான்” என்று பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். வங்கி வைப்புத் தொகைக்கும் நானே நாமினி. இப்போது, காலஞ்சென்ற அவருடைய சித்தப்பாவின் மகன்கள் இருவர், பங்காளிகள் என்ற முறையில் நஞ்சையைக் கேட்கிறார்கள். என் தாயார் மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அத்தானின் தாய்வழியில், கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் 84 வயதுச் சித்தி ஒருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. சொத்து யாருக்குச் சேரும்?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்தச் சித்திக்குத்தான். அவர் உங்கள் அத்தானின் தாயாருடன் பிறந்தவர் என்றால் முழுச் சொத்தும் அவரைச் சேரும். சித்தப்பாவின் மனைவியையும் நம் பக்கத்தில் சித்தி என்றே அழைப்பதால் இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்து ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி மனைவி, மக்கள், தாய் முதலிய முதல் வகுப்பு வாரிசுகளுக்கும், அவர்கள் இல்லாதபோது இரண்டாம் வகுப்பினருக்கும், அவர்களும் இல்லாதபோது முழுக்க ஆண்வழியாகவே உறவுடைய பங்காளிகளுக்கும், அதன் பின்னரே இடையில் ஒரு பெண் வழியாக வரும் உறவினருக்கும் சொத்து செல்லும். இரண்டாம் வகுப்பு ஒன்பது படிகள் கொண்டது. மேற்படியில் ஒருவர் இருந்தாலும் கீழ்ப்படிக்கு எதுவும் கிடைக்காது. ஏழாம் படியில் தந்தையின் சகோதரரும் சகோதரியும், ஒன்பதாம் படியில் தாயின் சகோதரரும் சகோதரியும் இருக்கிறார்கள். ஆனால் இவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே சித்தப்பா மகன்கள் வெறும் பங்காளிகளாகவும், நீங்கள் அவர்களுக்கும் அடுத்த நிலையிலும் நிற்கிறீர்கள். சித்தி இல்லாதிருந்தால் நஞ்சை அவர்களுக்கே போயிருக்கும். அப்போதும், அவர்களுக்கு உடன்பிறந்த சகோதரி இருந்தால், கட்டிக்கொடுத்த பெண் என்று ஊரார் ஒதுக்கினாலும், அவருக்கும் சம பங்கு உண்டு. 1974-இலேயே பாகம் பிரிந்துவிட்டதால் கூட்டுக்குடும்பச் சொத்து என்ற வாதமும் அவர்களுக்கு உதவாது.

உங்கள் தாயார் அத்தான் இறந்த நாளில் உயிருடன் இருந்திருந்தால், ஏழாம் படியில் தனியொருவராக நின்று முழுச் சொத்தையும் பெற்றிருப்பார். இதை எழுதும்போது எனக்கே மனம் சங்கடப்படுகிறது. ஆனால் உரிமை இறந்த நாளில் இருப்பவர்களைப் பார்த்தே முடிவாகிறது.

கொள்ளி வைத்ததாலோ பராமரித்ததாலோ வாரிசுரிமை வராது. வாயால் சொன்ன சொல்லும் உயிலாகாது. எழுதிக் கையொப்பமிட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும். நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெறும் பொறுப்புடையவரேயன்றி அதன் உரிமையாளர் அல்லர் என்பதால், அந்தத் தொகையையும் சித்திக்கே நீங்கள் கணக்குக் காட்ட வேண்டும். இதற்கிடையில் பங்காளிகள் பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் கலங்க வேண்டாம். பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது.

நீங்கள் கிறிஸ்தவர்களாக இருந்திருந்தால், தந்தைவழி, தாய்வழி என்ற வேறுபாடு பாராத 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தியிருக்கும். வழி வேறானாலும், நெருங்கிய உறவு என்ற கணக்கில் அங்கும் சித்தியே முந்துவார்.

வழக்குக்குப் போவதைவிட கல்லிடைக்குறிச்சிக்குப் போவதே நல்லது. நீங்கள் பார்த்துக்கொண்டதை அவர் அறிந்திருப்பார். விரும்பினால் வயலை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ உங்களுக்குச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிப் பதிவு செய்து தரலாம். அவர் மறுத்தால் அது அவருடைய உரிமை. அவர் எதுவும் எழுதாமல் காலமானால் சொத்து அவருடைய கணவருக்கும் மக்களுக்கும் போகும். அதன்பின் நீங்கள் அவர்கள் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டியிருக்கும்.