கடலோர வீட்டு மரவேலை: தச்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: கடற்கரையிலிருந்து சுமார் 400 மீட்டர் தொலைவில் எங்கள் வீடு முடியும் நிலையில் இருக்கிறது. கதவு, ஜன்னல், சுவரோடு சேர்ந்த அலமாரிகள், ஒரு சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் அளவெடுத்துச் செய்யத் தச்சர் தேடுகிறோம். இருவரைப் பார்த்தோம். ஒருவரிடம் நல்ல இயந்திரங்களும் அழகான புகைப்படங்களும் உள்ளன. இன்னொருவர் வயதானவர், புகைப்படம் எதுவும் இல்லை, கேட்கும் கூலியும் அதிகம். முன்பு குடியிருந்த வீட்டில் இரண்டே ஆண்டுகளில் கதவுகள் இறுகி, கீல்கள் துருப்பிடித்துப் போயின. இந்த முறை யாரை நம்புவது? எதைக் கேட்டுப் பார்ப்பது?

பதில்: இருவரிடமும் ஒரே வேண்டுகோளை வையுங்கள். கடலுக்குப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்து கொடுத்த வேலை ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்த அன்று எடுத்த புகைப்படத்தில் எந்தக் கதவும் அழகாகத்தான் இருக்கும். மழைக்காலங்கள் சிலவற்றைத் தாண்டிய பிறகும் அந்தக் கதவு ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறதா என்பதில்தான் தச்சரின் திறமை தெரியும்.

அந்த வீட்டுக்குப் போனால் முகப்பையும் செதுக்கு வேலையையும் பிறகு பார்க்கலாம். முதலில் குனிந்து, கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே பூச்சு இல்லாமல் வெறும் மரம் சொரசொரவென்று தட்டுப்பட்டால், கண்ணுக்குத் தெரியாத இடத்தை அவர் விட்டுவிட்டுப் போகிறவர் என்று பொருள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு சோதனை பத்துக் கேள்விகளுக்குச் சமம். அடுத்து, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகளைப் பாருங்கள். மழைநீர் அங்கேதான் தேங்கும், மூட்டு விரிவதும் மரம் கறுப்பதும் அங்கேதான் தொடங்கும். கீலின் திருகாணிகளைச் சுற்றித் துரு வழிந்திருக்கிறதா, அலமாரியின் இழுப்பறை சிக்காமல் வருகிறதா, பின்பலகையில் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்றும் கவனியுங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி போதும்: “கதவு இறுகியது என்று கூப்பிட்டபோது வந்தாரா?”

கடலோரத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவனம் என்று தோன்றலாம். மரம் அறுபட்டு உலர்ந்த பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் திருப்பிக் கொடுத்துக்கொண்டும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள ஏசி அறையில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 சதவீதத்தில் நிலைகொள்ளும். ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும் கடற்காற்றில் அது 16 சதவீதம் வரை ஏறும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும். நீளத்தில் விரிவது மிக மிகக் குறைவு. மற்ற மரங்களைவிட அடக்கமாக இருக்கும் தேக்கிலேயே, ஆண்டு வளையங்களுக்கு இணையாக அறுத்த அரை மீட்டர் அகலப் பரப்பு, 9-லிருந்து 16 சதவீதத்துக்குப் போகும்போது 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். அதே தேக்கை வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்திருந்தால் விரிவு ஏறக்குறைய பாதிதான். கதவைச் சுற்றி விடும் இடைவெளியே 3 மில்லிமீட்டர் என்னும்போது, உங்கள் பழைய வீட்டுக் கதவு ஏன் இறுகியது என்பது புரிந்திருக்கும்.

இந்த விரிவை எந்தப் பசையாலும் ஆணியாலும் தடுக்க முடியாது. தடுக்கப் பார்த்தால் பலகை பிளக்கும், அல்லது சட்டத்தைத் தள்ளி மூட்டைத் திறக்கும். அதற்கு இடம் கொடுப்பவரே நல்ல தச்சர். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பக் கேள்வி இது: “சட்டத்துக்குள் வரும் நடுப்பலகையை எப்படிப் பொருத்துவீர்கள்?” சட்டத்தில் காடி (பலகை நுழையும் நீளப் பள்ளம்) வெட்டி, பலகையைப் பசை போடாமல், ஓரங்களில் சற்று இடம் விட்டு நிறுத்துவேன் என்று சொன்னால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போகலாம். “நன்றாகப் பசை போட்டு இறுக்கிவிடுவேன், அசையவே அசையாது” என்றால் யோசியுங்கள். மேசைக்கும் இதே விதிதான். மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு நேரடியாகத் திருகி இறுக்காமல், நகர இடம் தரும் நீள்துளைகள் வழியாகவோ மரப்பிடிகளாலோ பொருத்த வேண்டும்.

இரண்டாவது கேள்வி: “இப்போது கதவு மாட்டினால் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்?” வறண்ட மாதத்தில் மாட்டுகிறவர் கூடுதலாக விட வேண்டும், ஏனெனில் மரம் இனிமேல்தான் விரியப் போகிறது. மழை மாதத்தில் மாட்டுகிறவர் குறைவாக விட்டால் போதும். எந்தப் பருவம் என்று பாராமல் ஒரே அளவைச் சொல்பவருக்குக் கடலோர வேலையில் பழக்கம் குறைவு என்றே கருதுவேன். ஒரு பக்கம் ஏசி அறையும் மறுபக்கம் திறந்த தாழ்வாரமும் உள்ள கதவைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். இரு முகங்களும் வெவ்வேறு காற்றில் நிற்பதால் அது வளையப் பார்க்கும். இரு பக்கமும் ஒரே பூச்சை ஒரே எண்ணிக்கையில் பூசுவதும், மூன்று கீல்களால் தாங்குவதும் அதற்கு உதவும்.

மரத்தை யார் வாங்கினாலும், வைரம் பாய்ந்த பகுதிதானா, அதாவது மரத்தின் நடுவிலுள்ள முதிர்ந்த, அடர்நிறப் பகுதிதானா என்று பாருங்கள். தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பி வெளிர் நிறமுள்ள வெளிற்றுப் பகுதியை வாங்கினால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். தேக்கின் பெருமையெல்லாம் அதன் வைரத்தில்தான் இருக்கிறது. மரத்தின் ஈரத்தை அளக்க ஈரமானி என்ற சிறு கருவி உண்டு. அதைத் தச்சர் கையில் வைத்திருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிவிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நிலைத்திருக்கும் மரத்தில் அழுகல் பூஞ்சை வளர வாய்ப்புண்டு. அறுத்துக் கொண்டுவந்த பலகைகளை, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் கிடத்திய பிறகு இழைக்கச் சொல்லுங்கள். அந்தக் காற்றுக்கு மரம் பழக வேண்டும். புதிய வீடு என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: சுவர்ப் பூச்சும் கான்கிரீட்டும் மாதக்கணக்கில் ஈரத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். சுவர் உலர்வதற்குள் அலமாரியை ஒட்டிப் பொருத்தினால் அந்த ஈரம் முழுவதும் பின்பலகைக்குப் போய்விடும். குடிபுகும் நாளைத் தள்ளிப்போட முடியாவிட்டால் கதவு ஜன்னலை முடித்துக்கொண்டு அலமாரியை மட்டுமாவது பிறகு செய்யுங்கள்.

உப்பின் கதை வேறு. சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு கீழான ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். அதனால் உப்பு படிந்த கீல், மழை படாவிட்டாலும் நாளின் பெரும்பகுதி நனைந்தே இருக்கிறது. சொல்லப்போனால் மழை படும் இடத்தைவிடத் தாழ்வாரத்தின் அடியில், மழை கழுவாத இடத்தில்தான் உலோகம் வேகமாக அரிக்கப்படுகிறது.

இங்கே துருப்பிடிக்காத எஃகின் ரகம் முக்கியம். 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளிகள் போடும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பதால் உப்பிலுள்ள குளோரைடைத் தாங்கும் திறன் கூடுதல். கடலைப் பார்த்த கதவு ஜன்னல்களுக்கு 316 மட்டுமே வாங்குங்கள். அறைக்குள் இருக்கும் அலமாரிக்கு 304 போதும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இது நல்ல எஃகு என்று கடையில் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. பொருளின் மேல் பொறித்திருக்கும் ரக எண்ணையும், பில்லில் அதே எண் எழுதப்பட்டிருப்பதையும் பாருங்கள். மாலிப்டினம் உள்ளதா என்று காட்டும் சோதனைத் திரவமும் கிடைக்கிறது. கீலுக்கும் திருகாணிக்கும் ஒரே உலோகம் இருக்கட்டும். பித்தளைக் கீலில் இரும்புத் திருகாணி போட்டால், இரண்டும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும்போது இரும்பு வேகமாக அரிபட்டுப் போகும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரத்தில் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் சுற்றிலும் நீலங்கறுப்புக் கறை படரும். அது பூச்சுக்கு அடியிலிருந்தும் தெரியும். உங்கள் தச்சர் திருகாணியைப் பற்றி அவராகவே பேச்சை எடுத்தால் அவருக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம்.

அலமாரிகளுக்குப் பிளைவுட் போதும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையைக் கடலோர வீட்டில் நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. ஓரத்தில் நீர் ஏறினால் ஊதும், ஊதியது பழைய அளவுக்குத் திரும்பாது. கடல்தரப் பிளைவுட்டுக்கு இந்தியாவில் ஐஎஸ் 710, பிரிட்டனில் பிஎஸ் 1088 என்று தரக்குறியீடுகள் உள்ளன. அந்தத் தரம் முதலில் உறுதியளிப்பது அடுக்குகளை ஒட்டும் பசை நீரில் விடாது என்பதை. அறுத்த ஓரங்களைப் பூசாமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்த பிளைவுட்டும் ஈரம் குடிக்கும். மூட்டுகளுக்குப் பயன்படுத்தும் பசைக்கு ஈஎன் 204 என்ற ஐரோப்பியத் தரத்தில் நீரைத் தாங்கும் திறனுக்கேற்ப டி1 முதல் டி4 வரை வகுப்புகள் உண்டு; வெளிவேலைக்கு டி4 அல்லது எபாக்ஸி கேளுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு காற்றுவழியும், அடியில் கால்களும் இருக்கட்டும்.

பூச்சு வேலையைப் பெரும்பாலும் வேறொருவரிடம் விட்டுவிடுவார்கள். மரம் பொருத்திய பிறகு அவர் வருவதால் அடி விளிம்பும், சுவர்ப்பக்கமும், கழுந்தும் (மூட்டில் செருகும் முனை) துளையும் சேரும் இடமும் அவருக்கு எட்டாது. எனவே நார் முடியும் வெட்டுமுனைகளையெல்லாம் பொருத்துவதற்கு முன்பே தச்சரே பூச வேண்டும் என்று பேசிவிடுங்கள். நாரின் வழியே நீர் ஏறும் வேகம் பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு அதிகம். வெயில் படும் கதவுக்கு நிறமற்ற வார்னிஷ் அழகுதான், ஆனால் புற ஊதாக் கதிர் அதை ஊடுருவி அடியிலுள்ள மரத்தையே சிதைக்கும். பிறகு படலம் செதில் செதிலாக உரியும். நிறமி கலந்த பூச்சு நீண்ட நாள் நிற்கும். எண்ணெய்ப் பூச்சை விரும்பினால் அடிக்கடி புதுப்பிக்கும் பொறுமை உங்களுக்கு இருக்க வேண்டும்.

இவ்வளவையும் வாய்ப்பேச்சாக விடாதீர்கள். எந்த மரம், எந்த ரகத் திருகாணி, எந்தப் பசை, எத்தனை பூச்சு என்று ஒரு தாளில் எழுதி, வரைபடத்தோடு இருவரும் கையெழுத்திடுங்கள். மொத்தத் தொகைக்குப் பேசினால் மறைவான வேலைதான் முதலில் குறையும். ஆகவே வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பூச்சுக்கு முன்பு மூட்டுகளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வந்து கதவுகளைச் சீர்செய்து தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, அதற்காக ஒரு சிறு பகுதியை நிறுத்தி வையுங்கள். நேர்மையான தச்சர் இதற்குக் கோபப்பட மாட்டார். மரம் தன் இடத்தைப் பிடிக்க ஒரு பருவமாவது ஆகும் என்பது அவருக்கே தெரியும்.

நீங்கள் பார்த்த இரு தச்சர்களில் யார் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. இயந்திரம் இருப்பது குறையல்ல; துல்லியமான காடியும் கழுந்தும் அதில் எளிதாக வரும். வயது மட்டுமே தகுதியும் ஆகாது. பெரியவர் கேட்கும் கூடுதல் கூலி எதற்கு என்று அவரிடமே கேளுங்கள். மரத்தை உலர வைக்கும் நாட்களுக்கும், வெட்டுமுனைப் பூச்சுக்கும், மறுமுறை வருவதற்கும் என்று அவர் கணக்குச் சொன்னால் அந்தக் கூலி நியாயமானது. அவகாசம் இருந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு குளியலறை ஜன்னல் கொடுத்துப் பாருங்கள். வீட்டிலேயே மிக மோசமான ஈரம் அங்கேதான் இருப்பதால் முதல் மழைக்காலத்துக்குள் வேறுபாடு தெரிந்துவிடும். பெரிய வேலையை அதற்குப் பிறகு ஒப்படைக்கலாம்.