பன்றியும் மாடும் தவிர்த்தால் பிலிப்பைன்ஸில் என்ன சாப்பிடுவது?

கேள்வி: எங்கள் மகள் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். வரும் டிசம்பரில் நானும் கணவரும் முதல்முறையாக அங்கே போகிறோம். மணிலாவில் சில நாள் தங்கிவிட்டு டாவோ செல்வதாகத் திட்டம். இடையில் இன்னும் ஓர் ஊரைப் பார்க்கவும் ஆசை. மீனும் கோழியும் சாப்பிடுவோம். பன்றி, மாட்டிறைச்சி தொடுவதில்லை. ‘இங்கே எல்லாவற்றிலும் பன்றிதான், மற்றவை சப்பென்று இருக்கும்’ என்கிறாள் மகள். அந்த நாட்டு உணவில் நாங்கள் விரும்பிச் சாப்பிடக்கூடியது எது, எங்கே கிடைக்கும்?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. செபுவின் லெச்சோன், பம்பாங்கா மாகாணத்தின் சிசிக், இலோய்லோவின் பாட்சோய் என்று அந்த நாட்டின் பெயர்பெற்ற பண்டங்கள் பலவும் பன்றியில் செய்யப்படுபவைதாம். அவற்றை விட்டுவிடுங்கள். ஆனால் சப்பென்று இருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிலிப்பினோ சமையலின் உயிர் புளிப்பில் இருக்கிறது. காரத்தைத் தேடிப் போகிறவருக்கு அது பிடிபடாது. கோவைக்காரரான உங்களுக்குப் புளியின் அருமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மணிலாவில் இறங்கியதும் முதலில் சினிகாங் கேளுங்கள். புளியங்காயை வேகவைத்துப் பிசைந்த நீரில் முள்ளங்கி, சேப்பங்கிழங்கு, கத்தரிக்காய், காராமணிக்காய், வள்ளைக்கீரை ஆகியவற்றை அவை வேகும் நேரத்துக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, ஒரு நீண்ட பச்சை மிளகாயை முழுதாக மிதக்கவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கும் குழம்பு அது. தாளிப்பு இல்லை, மசாலாப் பொடி இல்லை. சேப்பங்கிழங்கு கரைந்து குழம்பைச் சற்றே கெட்டியாக்கியிருந்தால் சமைத்தவர் பொறுமையாகச் சமைத்திருக்கிறார் என்று அறியலாம். பன்றியில் செய்வதே வழக்கம் என்றாலும், இறாலிலும் ‘பாங்குஸ்’ எனப்படும் பால்கெண்டையின் வயிற்றுப் பகுதியிலும் செய்வது பல உணவகங்களிலும் கிடைக்கும். என் கணிப்பில் மீனில் செய்ததே மேல். ஊருக்கு ஊர் புளிப்பு மாறும்: ஓரிடத்தில் பிலிம்பிக்காய், வேறிடத்தில் மாங்காய், இன்னோரிடத்தில் பழுத்த கொய்யா. கொய்யாவில் செய்தது மணக்க மணக்க இனிப்பும் புளிப்புமாக இருக்கும். கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

சினிகாங்கைச் சாப்பிட நல்ல இடம், பாசாய் நகரின் மக்காபகால் சாலையோரத்தில் உள்ள ‘தாம்பா’ மீன்சந்தை. உயிருள்ள நண்டும் இறாலும் மீனும் எடைபோட்டு வாங்கிப் பக்கத்து உணவகத்தில் கொடுத்தால், நீங்கள் சொன்னபடி சமைத்துத் தருவார்கள். சமையல் கூலி தனி. மீன் வாங்கும்போது பேரம் பேசலாம், பேசவும் வேண்டும். சமையல் கூலியை மட்டும் உட்காருவதற்கு முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இறாலைச் சினிகாங்காகவும், நண்டைத் தேங்காய்ப்பாலிலும், மீனைச் சுட்டும் கேட்டால் இருவர் வயிறாரச் சாப்பிட அதுவே போதும்.

மணிலாவில் இன்னும் இரண்டு இடங்கள். 1936-இல் தொடங்கப்பட்ட ‘அரிஸ்டோகிராட்’ உணவகம் ராக்சாஸ் புலவார்டில் இருக்கிறது. அங்கே சுட்ட கோழியும், மஞ்சள் நிறச் சோறும், பப்பாளிக்காய் ஊறுகாயும் உங்களுக்கு எந்தத் தயக்கமும் தராத சாப்பாடு. மற்றொன்று கியாப்போ பகுதியில் தங்க மசூதியைச் சுற்றியுள்ள சிறு கடைகள். மிந்தனாவோ தீவின் முஸ்லிம் மக்கள் நடத்தும் அக்கடைகளில் பன்றி என்ற பேச்சே கிடையாது. அங்கே மரானாவோ மக்களின் ‘பியாபாரன்’ கேளுங்கள். மஞ்சளும் தேங்காயும் இஞ்சியும் மிளகாயும் சேர்ந்த அந்தக் கோழிக் கறியைச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கிறது என்று உங்கள் மகளே சொல்ல மாட்டாள்.

‘காரே-காரே’ பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வறுத்த நிலக்கடலையும் வறுத்தரைத்த அரிசியும் சேர்ந்த கெட்டிக் குழம்பில் வாழைப்பூவும் கத்தரிக்காயும் காராமணிக்காயும் வேகும். தொட்டுக்கொள்ளக் கூனி இறாலைப் புளிக்கவைத்த ‘பகோங்’ விழுதைத் தருவார்கள். 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கச் சென்றபோது சென்னைப் பட்டணத்திலிருந்து கப்பலேறிய சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே காயிந்தா என்ற ஊரில் குடியேறிவிட்டார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் பிறந்ததே இக்குழம்பு என்போர் உண்டு; பம்பாங்கா மக்கள் அதைத் தங்களுடையது என்பார்கள். வழக்கு தீரவில்லை என்றாலும், நம் ஊர்ச் சிப்பாய்கள் அங்கே தங்கியது வரலாறு. மாட்டு வாலில் செய்வதே வழக்கம் என்பதால், கடலுணவில் செய்த காரே-காரே வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள்.

இடையில் ஓர் ஊர் என்றால் பகோலோத் என்பேன். எலுமிச்சைப்புல், இஞ்சி, தென்னங்காடி (தென்னை வினிகர்), சிறு எலுமிச்சையான ‘கலமான்சி’ ஆகியவற்றில் ஊறிய கோழியை மூங்கில் குச்சியில் கோத்துக் கரித்தணலில் வாட்டி, அன்னாட்டோ விதையால் சிவந்த எண்ணெயைத் தடவித் தடவிச் சுடும் ‘இனாசல்’ அந்த ஊருக்கே உரியது. அதே சிவந்த எண்ணெயைச் சோற்றிலும் ஊற்றிக்கொள்வார்கள். நாடெங்கும் கிளைக்கடைகளில் இனாசல் கிடைக்கிறது. கரித்தணலின் மணம் அவ்வளவாக அவற்றில் வருவதில்லை. பகோலோதிலிருந்து விரைவுப் படகில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி இலோய்லோ வந்துவிடும். 2023-இல் யுனெஸ்கோ உணவுக்கலை நகரங்களில் ஒன்றாக ஏற்ற ஊர் அது. அங்கே துவரையும் கோழியும் வாழைத்தண்டும் சேர்ந்த ‘காத்யோஸ், மனோக், உபாத்’ குழம்பைத் தேடிச் சாப்பிடுங்கள்; ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

டிசம்பர் 16 முதல் 24 வரை விடியற்காலைப் பூசை நடக்கும் தேவாலயங்களின் வாசலில் ‘பிபிங்கா’, ‘புத்தோ பும்போங்’ இரண்டும் சுடச்சுடக் கிடைக்கும். முதலாவது வாழையிலை விரித்த சட்டியில் மேலும் கீழும் தணலிட்டுச் சுடும் அரிசி அப்பம். மற்றது ஊதா அரிசி மாவை மூங்கில் குழாயில் ஆவியில் வேகவைத்துத் தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் தூவித் தருவது, நம் குழாய்ப் புட்டின் உறவு போலவே இருக்கும். அந்த நாட்களில் எங்கே இருந்தாலும் அதிகாலையில் எழுந்து போங்கள்.

டாவோவில் மீன்தான். ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்திலிருந்து வரும் சூரை மீனின் தாடைப் பகுதியைத் தணலில் சுட்டுத் தருவது அங்கே தனிச்சிறப்பு. எலும்பை ஒட்டிய சதை கொழுப்போடு கழன்று வரும். வஞ்சிரத்தையோ சூரையையோ சிறு துண்டுகளாக நறுக்கிக் காடியில் இட்டு, இஞ்சி, வெங்காயம், மிளகாய் சேர்க்கும் ‘கினிலாவ்’, அடுப்பேறாத பண்டம். காடி பட்ட இடமெல்லாம் மீனின் நிறம் வெளுக்கும், நடுவில் பச்சையாகவே இருக்கும். கூட்டம் அலைமோதும் கடையில், அன்று வந்த மீனில் செய்தது என்றால் மட்டும் சாப்பிடுங்கள். வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. ‘சினுக்லாவ்’ என்ற பெயர் கண்டால் வேண்டாம், அதில் சுட்ட பன்றி கலந்திருக்கும்.

காய்கறிப் பண்டங்களிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைக்கும் ‘லாயிங்’, பாசிப்பயற்றுக் குழம்பான ‘மொங்கோ’ போன்றவற்றில் சுவைக்காகப் பன்றித் துண்டுகளைப் போடுவது வழக்கம். மணிலாவில் ‘வாலாங் பாபோய், வாலாங் பாகா’ என்று சொன்னால் பன்றியும் மாடும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். டாவோவில் செபுவானோ மொழி வழங்குவதால் ‘வாலாய் பாபோய், வாலாய் பாகா’ என்று சொல்லுங்கள்.

மகளுக்காக ஒன்று. டாவோவின் பெரிய சந்தையான பாங்கெரோகானுக்கு அவளை ஒரு காலையில் அழைத்துப் போங்கள். பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் தேங்காயும் அங்கே குவிந்து கிடக்கும். மொங்கோவைப் பன்றி இல்லாமல் அவளே சமைத்துக்கொள்ளலாம். சிறு மிளகாய் ஊறிய காடியும் ஒரு புட்டி வாங்கிக் கொடுங்கள். சோற்றுக்கும் சுட்ட மீனுக்கும் அது தினமும் பயன்படும்.