மாமாவின் சிடியில் பழைய ஷேர்வேர்: பதிவுப் பணத்தை யாருக்குக் கட்டுவது?

கேள்வி: சிகாகோவில் இருந்த என் மாமா, 1990-களின் தொடக்கத்தில் பிபிஎஸ்களில் (தொலைபேசி வழியே கணினியில் இணைந்து கோப்புகளைப் பரிமாறிக்கொண்ட சேவைகள்) இறக்கிய ஸிப் கோப்புகளை ஒரு சிடியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. அதிலுள்ள முகவரிப் புத்தக மென்பொருள் ஒரு ஷேர்வேர், அதாவது முதலில் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்து, பிடித்தால் ஆசிரியருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்வது. அதை ஓட்டிப் பார்க்க ஆசை. விண்டோஸ் 11 மறுக்கிறது. பதிவு எண்ணும் வேண்டுமாம். பணம் கட்டத் தயார், யாரிடம் கட்டுவது?

பதில்: முதலில் சிடியை முழுதாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். ஸிப் கோப்பு திறக்கவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1993-க்கு முந்தைய ஸிப்கள் பல, இன்று வழக்கொழிந்த 'இம்ப்ளோட்' முறையில் சுருக்கப்பட்டவை. செவன்-ஸிப் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் திறக்கும். உள்ளே சம்பந்தமே இல்லாத விளம்பரக் கோப்பு ஏதாவது இருந்தால், அது வழியில் ஏதோ ஒரு பிபிஎஸ் சொருகியதாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய நிரல்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும், இலவசமாகக் கிடைக்கும் டாஸ்பாக்ஸைப் போட்டு, கோப்புகள் உள்ள ஃபோல்டரை 'மவுண்ட்' கட்டளையால் சி டிரைவாக இணைத்து, அதற்குள்ளிருந்தே இன்ஸ்டால் நிரலை ஓட்டுங்கள். 'ரன்டைம் எரர் 200' என்று வந்தால் பதற வேண்டாம். டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்கக் கருவியில் எழுதிய பழைய நிரல்கள், கணினியின் வேகம் கூடினால் இப்படித் தடுக்கி விழும். கன்ட்ரோல்-எஃப்11-ஐச் சில முறை அழுத்தி டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சரி, பதிவுக்கு வருவோம். ஆர்டர் ஃபார்ம் என்ற கோப்பு இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். பெயர், முகவரிக்குப் புள்ளிக்கோடு, ஐந்தேகால் அங்குல பிளாப்பியா மூன்றரையா என்று ஒரு கட்டம், கீழே டாலர் தொகை. அச்சிட்டு, காசோலையோடு தபாலில் அனுப்புவார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தால் ஆசிரியரிடமிருந்து பதிவு எண் வரும். அனுப்பியவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலரை நம்பித்தான் ஒரு மனிதர் இரவு கண்விழித்து நிரல் எழுதினார். 1983-இல் பாப் வாலஸ் என்ற நிரலாளர், பிசி-ரைட் என்ற தன் ஷேர்வேர் எழுத்துச் செயலிக்கு 75 டாலர் வைத்தார். நீங்கள் கொடுத்த பிரதியைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால் உங்களுக்கு 25 டாலர்!

அதனால் இணையத்தில் தேடும் முன் மாமாவின் பழைய கடிதங்களைத் தேடுங்கள். அவர் பதிவு செய்திருந்தால் எண் அங்கேதான் இருக்கும். பல நிரல்களில் அந்த எண் பெயரிலிருந்து கணக்கிடப்பட்டது. கடிதத்தில் உள்ளபடியே இனிஷியல், புள்ளி, இடைவெளி எதுவும் மாறாமல் அடிக்க வேண்டும். எண்ணுக்குப் பதில் ஒரு சின்ன 'கீ' கோப்பு வந்திருந்தால், நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள்.

கிடைக்கவில்லையா? ஃபார்மில் உள்ள முகவரிக்குக் காசோலை அனுப்பிவிடாதீர்கள், முப்பது வருடத்தில் அந்த வீட்டில் யார் யாரோ குடிவந்திருப்பார்கள். ஆசிரியர் பெயரையும் நிரல் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய நிரல்களை இலவசமாக்கி, பொதுவான எண் ஒன்றையே வெளியிட்ட ஆசிரியர்கள் உண்டு. ஆள் கிடைத்தால் தயங்காமல் எழுதுங்கள். பதிவுப் பூட்டை உடைக்கும் கிராக் கோப்புகள் பக்கம் மட்டும் போகாதீர்கள், வைரஸ் ஒட்டியிருக்கும். பதில் வராவிட்டால், ஆரம்பத்தில் சில விநாடி நிற்கும் நினைவூட்டல் திரையைத் தாண்டிப் பயன்படுத்திப் பாருங்கள். பல நிரல்கள் அதற்கு மேல் தடுக்காது.

பதிவு செய்யாத பிரதியை, கோப்பு எதையும் நீக்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கப் பெரும்பாலான ஆசிரியர்கள் அனுமதித்திருந்தார்கள். மாமாவின் எண் கிடைத்தால், அதை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.