இறைச்சியில் ஆன்டிபயாடிக் எச்சத்தைக் கண்காணிக்க ஒரு கிட் போதுமா?

கேள்வி: கோழி, பன்றி இறைச்சியில் மருந்து எச்சம் இருக்கிறதா என்று பார்க்க விரைவுப் பரிசோதனைக் கிட் மட்டும் போதுமா, எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவி (சாற்றிலுள்ள பொருள்களைப் பிரித்து, மூலக்கூறின் நிறையை வைத்து எந்த மருந்து, எவ்வளவு என்று காட்டும் ஆய்வகக் கருவி) கட்டாயமா?

பதில்: நீங்கள் இறைச்சி பதப்படுத்தும் இடத்தில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறீர்கள், செலவைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கிட் மட்டும் போதாது. கிட் விற்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் அதற்கு எதிரி இல்லை. நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சலித்தெடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் அது எதைப் பார்க்காது என்று தெரியாமல் பயன்படுத்துவதுதான் ஆபத்து.

பரவலாகப் புழங்கும் கிட்டில் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோபிலஸ் என்ற, சூட்டில் வளரும் கிருமியின் வித்துகளும் நிறங்காட்டியும் அகார் கூழில் இருக்கும். இறைச்சிச் சாற்றை விட்டு 64 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் கிருமி வளர்ந்து அமிலம் சுரக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். பென்சிலின் வகைக்கு இது அருமையானது. குயினோலோன் வகை மருந்துகளுக்கு மந்தம், அவற்றில் ஒன்றான என்ரோஃப்ளாக்சசின் அனுமதி அளவைத் தாண்டியிருந்தாலும் மஞ்சள் காட்டிவிடலாம். குளோராம்ஃபெனிகாலுக்கு உதவவே உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தடை மருந்துக்கு வைத்திருக்கும் நடவடிக்கை வரம்பு (இதை எட்டினால் நடவடிக்கை எடுப்பார்கள்) கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், இந்தக் கிருமி அசைய வேண்டுமானால் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். இன்னொரு பக்கம், சிறுநீரகச் சாற்றில் இயல்பாகவே உள்ள லைசோசைம் கிருமியைத் தடுத்து, மருந்தே இல்லாத மாதிரியையும் ஊதாவாக்கும். சாற்றை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கினால் இது பெரும்பாலும் அடங்கும்.

நைட்ரோஃபியூரான் என்ற தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் வகைதான் பலரும் கோட்டைவிடும் இடம். தாய் மருந்து சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். அதன் சிதைபொருள்கள் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும், அவற்றுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தியும் கிடையாது. ஆகவே கிட்டில் அவை சிக்காது, கருவியில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன் அவற்றைப் புரதத்திலிருந்து விடுவித்து, கருவிக்குத் தெரியும் வடிவத்துக்கு மாற்ற, அரைத்த மாதிரி 1 கிராமில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 2-நைட்ரோபென்சால்டிஹைடும் சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க, சுமார் 16 மணி நேரம், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மறுநாள் பிஹெச்சை 7-க்குக் கொண்டுவந்து எத்தில் அசிடேட்டில் இரண்டு முறை பிரித்தெடுக்கலாம். பிஹெச் அமிலப் பக்கமே நின்றுவிட்டால் மீட்பு, அதாவது சாற்றில் வந்துசேரும் அளவு, சரிந்துவிடும். இந்தச் சிதைபொருள்களில் ஒன்றான செமிகார்பசைடு மட்டும் தனியாக வந்தால் உடனே பண்ணையாளர் மேல் பழி போடாதீர்கள். மாவு பூசிய கோழித் துண்டானால் மாவைப் பதப்படுத்தச் சேர்த்த அசோடைகார்பனமைடு என்ற வேதிப்பொருளிலிருந்தும் அது வரலாம். பூச்சை உரித்துவிட்டு உள்சதையை மட்டும் திரும்பச் சோதியுங்கள்.

மற்ற ஆன்டிபயாடிக் வகைகளுக்கும் தனித்தனிப் பிரித்தெடுப்பு வேண்டும். டெட்ராசைக்ளின்கள் உலோக அயனிகளோடு பிணைந்துகொள்ளும், அதனால் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கலந்த மெக்கில்வைன் தாங்கல் கரைசல் (பிஹெச்சை மாறாமல் வைப்பது), பிஹெச் 4. அமினோகிளைகோசைடுகள் கண்ணாடியில் ஒட்டும், பாலிபுரொப்பிலீன் குழாய்தான். பென்சிலின் சாற்றை ஆவியாக்கும்போது 40 டிகிரியைத் தாண்டாதீர்கள். இந்த மாதிரிகளை -70 டிகிரியில் வையுங்கள், -20-இல் வாரங்கள் போகப் போக அளவு இறங்கிவிடும். ஒரே பிரித்தெடுப்பில் எல்லா மருந்தும் வந்துவிடும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எந்த உறுப்பு என்பதும் முக்கியம். ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகள் சிறுநீரகத்தில் தங்கும்; சதையை மட்டும் பார்த்தால் தப்பிவிடும். பன்றிக்குக் கழுத்தில்தான் ஊசி போடுவார்கள், அங்கே எடுத்த துண்டு உடம்பு முழுதுக்கும் பேசாது. கணக்கிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய வரம்பில் என்ரோஃப்ளாக்சசினையும் அதன் சிதைபொருளான சிப்ரோஃப்ளாக்சசினையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்: கிலோவுக்குச் சதையில் 100, கல்லீரலில் 200 மைக்ரோகிராம். சதையில் 60-ம் 50-ம் தனித்தனியாகப் பார்த்தால் தேறியது மாதிரி இருக்கும், கூட்டினால் வரம்பை மீறியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். கோடிக்கணக்கில் கருவி வாங்க கையெழுத்துப் போடுபவர்கள், ஐசோடோப் ஏற்றிய உள்தரப்பொருள் (அதே மருந்தின் சற்றுக் கனமான வடிவம்; தெரிந்த அளவில் மாதிரியில் சேர்த்து ஒப்பிடுவது) வாங்கக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். அது இல்லாமல் கல்லீரல் சாற்றின் கொழுப்பும் உப்பும் சமிக்ஞையை அமுக்குவதை எப்படிச் சரிக்கட்டுவது? மருந்தில்லாத அதே இறைச்சிச் சாற்றில் அளவீட்டுக் கோடு போடலாம், ஆனால் மாதிரிக்கு மாதிரி மாறும் இழப்பை அது ஈடுகட்டாது.

கிட் ஊதா காட்டினால் அந்தத் தொகுதியை நிறுத்திவைத்து, மாதிரியின் மறுபாதியை எல்சி-எம்எஸ்/எம்எஸ்ஸில் உறுதிசெய்யுங்கள். குறைந்தது இரண்டு அயனி மாற்றங்கள் (மருந்தின் அயனி உடைந்து குறிப்பிட்ட துண்டாவது) தெரிய வேண்டும், அவற்றின் விகிதமும், கருவிக் குழாயைக் கடந்து வர மருந்து எடுக்கும் தங்கும் நேரமும் தரப்பொருளோடு ஒத்துப்போக வேண்டும். உறுதியானால், மருந்தை நிறுத்தியபின் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கடைப்பிடித்தார்களா என்பதோடு விசாரணையை முடிக்காதீர்கள். பன்றியில் சல்ஃபாமெத்தசின் என்ற சல்ஃபா மருந்து வந்தால் தீவன ஆலையின் கலவை இயந்திரத்தையும் கொட்டிலையும் பாருங்கள். மருந்துத் தூள் இயந்திரத்தில் ஒட்டி அடுத்த தீவனத்துக்குத் தொற்றும். சாணத்தையும் மூத்திரம் கலந்த படுக்கையையும் நக்கியே பன்றி மறுபடி மருந்தேற்றிக்கொள்ளும். கோழியானால் குடிநீர்த் தொட்டியையும், குழாயின் கடைசி முனையில் படிந்த வழுவழுப்பையும் பாருங்கள்.