எம்பட மாடு எங்கீங்க?

அன்புள்ள அண்ணா,

எனக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. இரண்டு வருசமாக ஒரு பழைய கேமராவில் படம் எடுத்து வருகிறேன். தினமும் போனில் நூற்றுக்கணக்கான படங்கள் பார்க்கிறேன். அதுதான் இப்போது பிரச்சினை. கேமராவைக் கண்ணில் வைத்ததும் ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒரு படம் வந்து நிற்கிறது. போன சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் எடுத்த படங்களைக் கூட்டாளியிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது, ஆனா எங்கியோ பாத்த மாதிரியே இருக்குது" என்றான். கொஞ்ச நாளைக்கு யார் படத்தையும் பார்க்காதே என்கிறான். அவன் சொல்வது சரிதானா?

ச., வெள்ளகோவில்

அன்புள்ள ச.,

உங்கள் கூட்டாளிக்கு நல்ல கண் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் வைத்தியத்தை நான் ஏற்கமாட்டேன். பார்ப்பதை நிறுத்துவதால், பார்த்தவை மனதைவிட்டுப் போய்விடாது. யாருடையவை என்பது மட்டும் மறந்துபோய், உங்களுடையவை போலவே உள்ளே தங்கிவிடும். நீங்கள் பிறர் படங்களைப் போதுமான அளவு பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நூறு படங்களை விரலால் தள்ளிவிடுகிறீர்கள். ஒரே படத்தோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்களா?

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்த பிரெஞ்சு புகைப்படக்காரர். ஓவியம் பயின்ற அவரைக் கேமரா பக்கம் திருப்பியது இன்னொருவருடைய படம். ஆப்பிரிக்காவில், தங்கனீக்கா ஏரி என்று சொல்லப்படும் இடத்தில், அலைக்குள் மூன்று சிறுவர்கள் முதுகைக் காட்டி ஓடுவதை ஹங்கேரிய புகைப்படக்காரர் மார்ட்டின் முன்காச்சி 1930 வாக்கில் எடுத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் ஓடும் சிறுவர்களைத் தேடி ஏரிக்கரைக்குப் போகவில்லை. 1932-இல் பாரிஸில், ஒரு ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஒருவர் தாண்டும்போது எடுத்தார். குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. கீழே அவருடைய நிழலுருவம் தலைகீழாகத் தெரிகிறது. பின்னால் சுவரொட்டியில் ஒரு நடனக்காரரும் அதேபோல் தாவிக்கொண்டிருக்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீரும் கறுத்த உருவமும் அசைவின் நடுப்புள்ளியும் முன்காச்சியிடமே இருந்தவை. அந்தச் சுவரொட்டியைக் கண்டது இவருடைய கண்.

கண்ணபுரம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அங்கேதான் அடி விழுந்தது. பிலிம் காலம் அது. ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருந்தேன்: அந்தி வெயிலுக்கு எதிரே மாட்டு மந்தை, பொன்னாக எழும்பும் புழுதி, அதற்குள் வெறும் கறுப்பு உருவங்களாக மாடுகள். அதேபோல் ஒன்று வேண்டும் என்று மூன்று நாள் சந்தையிலேயே கிடந்தேன். கிடைத்தது. பிரிண்ட் போட்டு, மாட்டுக்காரப் பெரியவரைத் தேடிப்போய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இதுல எம்பட மாடு எங்கீங்க? காரியா மயிலையான்னே தெரியலீங்களே" என்றார். காரி என்றால் கறுப்பு மாடு, மயிலை என்றால் சாம்பல்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காங்கேயம் கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாதத்துக்குள் அந்தச் சிவப்பு உதிர்ந்து சாம்பலுக்கு வரும். காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் மெல்லக் கறுக்கும். சுழி பார்த்து, கொம்பின் வளைவு பார்த்து, வாயைத் திறந்து பல்லைப் பார்த்து, அப்புறம்தான் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார். அந்தப் பெரியவருக்கு மாடு என்பது இத்தனையும். என் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நான் காப்பியடித்த படத்தின் மேல் குறை சொல்லமாட்டேன். அதை எடுத்தவருக்கு மந்தையின் அசைவு வேண்டியிருந்தது, எதிர்வெயிலில் நின்றார். நான் ஏன் அங்கே நின்றேன்? என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் மா. கிருஷ்ணனின் யானைப் படங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். பல பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவோடு காடுகளில் அலைந்தவர் அவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். விலங்கைத் தெரிந்தவர் எடுக்கும் படம் எப்படி இருக்கும் என்று அவரிடம் பார்த்தேன். என் யானை மாடுதான் என்று புரிந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில் செவலைக் கன்றை என்ன செய்வது? அந்தக் கேள்வி என்னை ரகுபீர் சிங்கிடம் கொண்டுபோனது. 1966-இல் ஜெய்ப்பூரில் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வேலை செய்வதை நேரில் பார்த்தவர். அவரை ஆசானாகவே மதித்தவர். ஆனாலும் இந்தியாவை வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கடைசிவரை நின்றார். நெருக்கமான கூட்டத்துக்குள் ஆட்களை அடுக்கும் விதத்தை ஆசானிடம் எடுத்துக்கொண்டு, நிறத்தில் தன் வழியே போன அந்தத் துணிவை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துபோகிறது.

ஆகவே, பாருங்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு ஒரே ஒருவர். முடிந்தால் போனில் வேண்டாம், புத்தகமாக எடுத்துப் பாருங்கள். எங்கே நின்றார், எவ்வளவு நெருங்கினார், படச் சட்டத்துக்கு வெளியே எதைத் தள்ளினார் என்று நோட்டில் எழுதுங்கள். லென்ஸ் விவரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நோட்டோடு உங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குப் போங்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், ஒற்றை வெள்வேல மரம். அங்கே அவர் வந்தால் எங்கே நிற்பார் என்று யோசித்து நின்று ஒரு படம் எடுங்கள். பிறகு, சின்ன வயதில் நீங்கள் மாடு மேய்க்கப் போயிருந்தால் எங்கே நின்றிருப்பீர்களோ அங்கே போய் நின்று இன்னொன்று எடுங்கள்.

அடுத்த சித்திரையில் கண்ணபுரத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் அப்புச்சியோ, மாடு தெரிந்த வேறு பெரியவரோ இருந்தால் பைக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர் எந்த மாட்டைத் தாண்டிப் போகிறார், எதன் அருகே நிற்கிறார், எந்தப் பக்கமாக வந்து பார்க்கிறார் என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் கவனியுங்கள். சாயங்காலம் கேமராவை எடுங்கள். பிரிண்ட் போட்டதும் முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.