‘பாகம் பிரிந்துவிட்டோம்’ என்று எழுதினால் நிலம் பிரிந்துவிடுமா?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் காலமானார், அம்மாவும் இல்லை. 2012இல் அண்ணனும் நானும் முத்திரைத்தாளில், “இன்று முதல் நாங்கள் பாகம் பிரிந்துவிட்டோம்” என்று எழுதிக் கையெழுத்திட்டோம். யாருக்கு எந்தப் பக்கம் என்று அதில் குறிப்பிடவில்லை, பதிவும் செய்யவில்லை, அக்காவின் கையெழுத்தும் இல்லை. இப்போது சாலையோரப் பகுதியைத் தன் பாகம் என்று சொல்லி அண்ணன் விற்கப் பார்க்கிறார். அந்தச் சீட்டு செல்லுமா?

பதில்: தங்கள் குடும்பம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று கொண்டு சொல்கிறேன். சாலையோரப் பகுதி அண்ணனுடையது என்பதற்கு அந்தச் சீட்டு ஆதாரமாகாது.

‘பிரிந்தோம்’ என்பதும் ‘பிரித்துக்கொண்டோம்’ என்பதும் பேச்சில் ஒன்றாக வழங்கினாலும் சட்டத்தில் வெவ்வேறு நிலைகள். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர், இனிக் கூட்டில் இருக்க விருப்பமில்லை என்பதை மற்றவர்களுக்கு ஐயமின்றித் தெரிவித்துவிட்டாலே கூட்டு நிலை முறிந்துவிடும். ஆனால் நிலம் பொதுவில்தான் இருக்கும். அளந்து, நான்கெல்லை குறித்து, இன்ன பகுதி இன்னாருக்கு என்று ஒதுக்கும்போதுதான் சொத்து பிரிகிறது. தங்கள் சீட்டில் இருப்பது முதலாவது மட்டுமே.

எல்லைகளை எழுதியிருந்தாலும், “இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்” என்ற வாசகம் அந்தப் பத்திரத்தாலேயே உரிமையை உண்டாக்குவதால், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவின்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். வாய்மொழியாக முன்பே முடிந்த பிரிவினையை நினைவுக்காகக் குறித்துவைக்கும் கூர்சீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதை நம்பி, செலவை மிச்சப்படுத்த இறந்தகாலத்தில் எழுதிவைப்பவர்கள் பலர். நீதிமன்றம் வினைமுற்றை மட்டும் பார்ப்பதில்லை, உண்மையில் எப்போது பிரித்தார்கள் என்றே பார்க்கும் என்பதால் அந்த வழியை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

அக்காவை விட்டுவிட்டு எழுதிய எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. அதற்குத் தந்தை அந்தத் திருத்த நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. சொத்து பூர்வீகமானாலும் அப்பா சம்பாதித்ததானாலும் தங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அண்ணன் தன் பிரிபடாத பங்கை விற்கலாம். குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தனக்கே உரியதென்று விற்றால் அது மற்ற இருவரையும் கட்டுப்படுத்தாது.

வாங்க முன்வந்திருப்பவர் யாரென்று தெரிந்தால், சொத்து பிரிபடவில்லை என்று அவருக்கும் அண்ணனுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அண்ணன் இணங்காவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, விற்பனைக்கு இடைக்காலத் தடையும் கேளுங்கள். வழக்கு நடக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும். இணங்கினால் மூவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்வதே நல்லது. அதில் சர்வே எண், பரப்பு, நான்கெல்லை ஆகியவற்றோடு, சாலையிலிருந்து பின்பகுதிக்குப் போகும் பாதையின் அகலத்தையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.